குளிர்காலத்தில் மோட்டார்ஹோமில் ராக்கி மலைப் பூங்காக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ராக்கி மலைகளில் ஒன்றையொன்று ஒட்டி நான்கு தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. ஆல்பர்ட்டா பக்கம் பான்ஃப், ஜாஸ்பர். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் யோஹோ, கூட்டனே. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வீட்டு வண்டியில், போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கோடையில் ஒருமுறை ஓட்டிய அனுபவம் குளிரில் பாதிதான் கைகொடுக்கும். சாலை மாறிவிடும், அதைவிட, வண்டிக்குள் ஓடும் தண்ணீரும் கேஸும் மின்சாரமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதல் தடவை போகிறோம். எந்த மாதம் நல்லது?

செப்டம்பரின் கடைசி இரண்டு வாரங்கள். லார்ச் மரம் ஊசியிலை இனம்தான், ஆனால் இலையுதிர்க்கும். அந்த நாட்களில் சரிவுகள் பொன்னிறமாக நிற்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் பகலில் வெப்பம் ஏறிவிடுவதால் குழாய்கள் தப்பிக்கும். அக்டோபர் நடுவுக்குள் பெரும்பாலான முகாம்கள் மூடிவிடும்.

பனியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மார்ச் மாதம் போங்கள். டிசம்பர் நடுவில் ஜாஸ்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. மார்ச் இறுதியில் அது பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், பனியும் குறையாமல் கிடக்கும். ஜனவரியில் பான்ஃப் பூங்காவின் லேக் லூயிஸ் பகுதியில் மைனஸ் 30 வருவது அபூர்வமல்ல. முதல் பயணத்துக்கு அந்த மாதம் வேண்டாம்.

குளிர்காலத்தில் எந்தெந்தச் சாலைகள் திறந்திருக்கும்?

டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையும், லேக் லூயிஸையும் ஜாஸ்பரையும் இணைக்கும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயும் ஆண்டு முழுதும் திறந்திருக்கும். ஆனால் கனத்த பனி விழுந்தால் பனிச்சரிவைக் கட்டுப்படுத்துவதற்காக மூடுவார்கள், சில நேரம் மணிக்கணக்கில், சில நேரம் நாள் கணக்கில். அதனால் திட்டத்தில் ஒரு நாளையாவது எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விடுங்கள்.

மொரெய்ன் ஏரிச் சாலை குளிர்காலம் முழுதும் மூடியிருக்கும். கோடையிலும்கூட 2023 முதல் சொந்த வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. யோஹோவில் டக்ககா அருவிக்குப் போகும் சாலை அக்டோபர் நடுவில் மூடினால் ஜூனில்தான் திறக்கும். திறந்திருக்கும் காலத்திலும் ஒரு கொண்டையூசி வளைவில் நீண்ட வண்டிகள் பின்னோக்கி ஓட்டித்தான் ஏற வேண்டும். எமரால்டு ஏரிக்குக் குளிரிலும் போகலாம்.

கிளம்பும் முன் ஆல்பர்ட்டாவுக்கு 511 ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு டிரைவ் பிசி ஆகிய சாலை நிலவரத் தளங்களைப் பாருங்கள். காலையில் ஒரு தடவை பார்த்தால் போதாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள்.

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் பெட்ரோல் கிடைக்குமா?

குளிர்காலத்தில் கிடைக்காது. 232 கிலோமீட்டர் தூரம், நடுவில் இருக்கும் சஸ்காச்சவன் கிராசிங் நிலையமும் மூடியிருக்கும். பெரும்பகுதியில் செல்பேசி சிக்னலும் இல்லை. 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடிக்கும் வண்டி என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 58 லிட்டர். ஆனால் கணக்கை அங்கே நிறுத்தக் கூடாது. முக்கால் தூரம் போன பிறகு சாலையை மூடித் திருப்பி அனுப்பினால் வந்த வழியே திரும்ப வேண்டும். இடையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கவும் நேரலாம். டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். பல மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டரும் அதே டேங்க்கிலிருந்துதான் எடுக்கும், கால் டேங்க் வந்ததும் தானாக நின்றுவிடும். வண்டியை நகர்த்த எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

டயர் விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது?

ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை பனி டயர் போட்டிருக்க வேண்டும், அல்லது டயரில் மாட்டும் செயின் வைத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் பனி டயர் கட்டாயம், பெரும்பாலான கணவாய்களில் ஏப்ரல் 30 வரை. டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தாலும் சட்டம் ஏற்கும், ஆனால் பனிக்கட்டியில் அந்த டயர்களின் பிடிப்பு குறைவு. வாடகை வண்டி என்றால் எந்த டயர் போட்டுத் தருவார்கள், செயின் போட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது காற்றழுத்தத்தில். 20 டிகிரி வெப்பத்தில் 80 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், மைனஸ் 15-இல் 69 பிஎஸ்ஐக்கு வந்துவிடும். காரைவிட மோட்டார்ஹோம் டயரில் அழுத்தம் அதிகம் என்பதால் இறங்கும் அளவும் அதிகம். ஓடாமல் குளிர்ந்து நிற்கும் டயரில், அதிகாலையில், மலைப்பகுதியிலேயே அளந்து நிரப்புங்கள்.

தண்ணீர் நிரப்பிக்கொண்டு போகலாமா, வற்றவைத்துவிட்டுப் போவதா?

பயணத்தின் தலையெழுத்தே இந்த முடிவில்தான் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் தாங்கும். இணைப்புகளும் பம்ப்பின் மூடியும் குழாய்த் திருகும் தாங்காது. உறைந்திருக்கும் வரை எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்து வெயில் வந்ததும் சிங்க்குக்கு அடியில் சொட்டும்.

எங்கள் அளவுகோல் இது: இரவு மைனஸ் 5 வரை, பகலில் பூஜ்யத்துக்கு மேல் என்றால் தண்ணீரோடு போகலாம். இரவும் பகலும் மைனஸ் 10-க்குக் கீழே என்றால் வற்றவைத்துவிட்டுப் போங்கள். நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தாலும், டேங்க் அறைக்கு உண்மையிலேயே சூடு போகிறதா, குழாய்கள் எல்லாம் உட்புறமாக ஓடுகின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகே நம்புங்கள். வற்றவைத்த வண்டியில் வசதி ஒன்றும் பெரிதாகக் குறையாது. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் இரண்டு போதும். அதை வசிக்கும் இடத்திலேயே வையுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஒரு குவளை இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றலாம். குளியலுக்கு ஊருக்குள் பொது நீச்சல்குளங்கள், வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன.

வாடகை வண்டியில் உறைந்து உடைந்ததை பெரும்பாலான காப்பீடு ஏற்காது. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

வற்றவைப்பதை நாமே செய்ய முடியுமா?

முடியும், ஒன்றரை மணி நேர வேலை. முதலில் வெந்நீர் ஹீட்டரை அணைத்து முழுதாக ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது அடித் திருகைக் கழற்றினால் அழுத்தத்தோடு கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறியதும் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, பிறகு அடித் திருகைக் கழற்றி வடியுங்கள். நன்னீர் டேங்க், தாழ்வாக இருக்கும் இரண்டு வடிகுழாய்கள், கழிவுத் தொட்டிகள் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். கம்ப்ரஸர் இருந்தால் 40 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று ஊதி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடுங்கள்.

அடுத்து குழாய்களில் உறைதடுப்புத் திரவம் ஏற்ற வேண்டும். அதற்கு முன் பைபாஸ் வால்வைத் திருப்புங்கள்; திரவம் வெந்நீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகும். இதை மறந்தால் ஹீட்டர் டேங்க்கே 23 லிட்டர் திரவத்தை விழுங்கிவிடும்; திருப்பினால் மொத்த வண்டிக்கும் 8 முதல் 12 லிட்டர் போதும். பம்ப்பின் உறிஞ்சு குழாயைத் திரவப் பாத்திரத்தில் விட்டு, பம்ப்புக்கு அருகில் உள்ள குழாயிலிருந்து தொடங்கி, வெந்நீர், தண்ணீர் இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும் வரை திறந்து வையுங்கள். கழிப்பறை, ஷவர், வெளிப்புறத்தில் இருக்கும் ஷவர் ஆகியவற்றையும் செய்யுங்கள். உடைந்து வரும் வண்டிகளில் அந்த வெளி ஷவரைத்தான் அதிகம் மறந்திருப்பார்கள். கடைசியாக ஒவ்வொரு சிங்க்கின் கீழ் வளைகுழாயிலும் ஒரு குவளை ஊற்றுங்கள்.

திரவம் புரொப்பிலீன் கிளைக்கால் வகையாக, ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வண்டி) குடிநீர்க் குழாய்களுக்கு என்று எழுதியதாக இருக்க வேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதைக் குடிநீர்க் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மின் ஹீட்டர் வைத்திருக்கிறோம். கேஸில் ஓடும் ஃபர்னஸ் எதற்கு?

மின் ஹீட்டர் மட்டும் ஓடினால் படுக்கிற இடம் சூடாக இருக்கும், டேங்க் உறைந்துவிடும். பல வண்டிகளில் ஃபர்னஸின் காற்றுக் குழாயிலிருந்து ஒரு கிளை அடிப்புறத்து டேங்க் அறைக்குப் போகிறது. மின் ஹீட்டர் அறையைச் சூடாக்கிவிட்டால் தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து ஃபர்னஸை எழுப்பாது. அடியில் இருக்கும் தண்ணீருக்கு அன்று இரவு சூடே கிடைக்காது. 1,500 வாட் மின் ஹீட்டர் தருவது மணிக்கு 5,100 பிடியு (வெப்ப அலகு). நடுத்தர ஃபர்னஸ் தருவது 30,000. மின் ஹீட்டர் துணைக்கு இருக்கலாம், ஃபர்னஸின் இடத்துக்கு வர முடியாது. வற்றவைத்த வண்டி என்றால் இந்தக் கவலையே இல்லை.

எதை வைத்துச் சூடாக்கினாலும் ஓட்டுநர் பகுதியைத் தடித்த திரையால் பிரித்துவிடுங்கள். பெரிய ஒற்றைக் கண்ணாடிகள் அங்கேதான். கூரைத் துவாரத்துக்குப் பஞ்சு மூடி, ஜன்னலுக்கு வெள்ளிப் படலம் பூசிய குமிழித் தாள் என்று வெட்டி ஒட்டினால் ஃபர்னஸ் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும்.

கேஸ் எத்தனை நாள் வரும்?

மணிக்கு 30,000 பிடியு ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் மணிக்கு 0.63 கிலோ புரொப்பேன் எரிக்கும். கடுங்குளிரில் நாளின் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 7.5 கிலோ. அதாவது 9 கிலோ சிலிண்டர் ஒரு நாளைக்குச் சற்று மேல்தான் வரும். வண்டியில் நிலையாகப் பொருத்திய பெரிய டேங்க் என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விடாதீர்கள். திரவம் டேங்க் சுவரைத் தொடும் பரப்பிலிருந்துதான் ஆவி கிளம்புகிறது. திரவம் குறைந்தால் ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்கு ஆவி வராது.

புரொப்பேன் மைனஸ் 42-இல் கொதிக்கும், பியூட்டேன் மைனஸ் 0.5-இலேயே கொதிப்பதை நிறுத்திவிடும். ஆகவே கலவை கேஸ் வேண்டாம். சுத்தமான புரொப்பேனுக்கும் மைனஸ் 30-இல் அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

விடியற்காலை ஃபர்னஸ் விசிறி ஓடுகிறது, சூடு வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் கேஸ் காரணம் அல்ல, பேட்டரி. காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல நிலையில் முதலில் விசிறி சுழலும், சில வினாடிகள் கழித்து டிக் டிக் என்று பொறி, பிறகு மெல்லிய சீறலோடு தீ. விசிறியின் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளினால்தான் பொறிக்கு அனுமதி கிடைக்கும். மின்னழுத்தம் 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால் விசிறி மந்தமாகி, தகடு அசையாது. டிக் டிக் சத்தமே வராது. விசிறியோ மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் குடித்துக்கொண்டிருக்கும். சத்தம் வந்தும் தீ பிடிக்கவில்லை என்றால்தான் கேஸ் பக்கம் பாருங்கள்.

கணக்கு இது: விசிறி 8 ஆம்பியர் இழுக்கும். பன்னிரண்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் ஆயுள் கெடாமல் எடுக்கத்தக்கது பாதி, அதாவது 50. மைனஸ் 18-இல் அந்தப் பேட்டரியின் கொள்ளளவே பாதிக்குச் சற்று மேல்தான். ஆக மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஒரு பேட்டரியோடு ஓர் இரவு தாண்டாது. உடனடி வழி: எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட்டிப் பேட்டரிக்கு ஊட்டுவது. ஆனால் அதற்கு முன் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கைச் சமாளிக்கும். ஆனால் அதன் செல் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். வெளிப்பெட்டியில் வைக்காமல் வசிக்கும் பகுதிக்குள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

காலையில் ஜன்னல், மெத்தையெல்லாம் ஈரம். என்ன செய்வது?

மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் வரும் ஆவிதான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகும். ஃபர்னஸின் புகை வெளியே போய்விடுகிறது, அடுப்பின் ஆவியோ அத்தனையும் உள்ளேயே தங்கும். கூரைத் துவாரத்தை இரண்டு விரல் அளவு திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். சூடு வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் ஈரமான போர்வையோடு மைனஸ் 15-இல் தூங்குவது அதைவிட மோசம். மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் போடுங்கள்.

அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கவே கூடாது. ஈரம் ஒரு காரணம், கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய காரணம். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். அலாரத்தை வண்டி வாங்கும் அன்றே அழுத்திச் சோதியுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கழிவுத் தொட்டி வால்வு நகரவில்லை. இழுக்கலாமா?

வேண்டாம். கைப்பிடியோ கம்பியோ கையோடு வந்துவிடும். வால்வின் தட்டுக்கு முன்னால் தேங்கிய ஒரு கைப்பிடி நீர்தான் உறைந்திருக்கும். முடி உலர்த்தும் இயந்திரத்தைப் பத்து நிமிடம் காட்டினால் இளகும். தீ வேண்டாம். இனி வராமலிருக்க, ஒவ்வொரு முறை காலி செய்ததும் இரண்டு லிட்டர் இளஞ்சிவப்புத் திரவத்தைத் தொட்டிக்குள் ஊற்றுங்கள். அது வால்வருகே தங்கும். முகாமில் கழிவுக் குழாயை மாட்டி வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகப் போகும் நீர் குழாய்க்குள் உறைந்து, மறுநாள் அது மரக்கட்டை போல் ஆகிவிடும்.

இரவு எங்கே நிறுத்தலாம்? சாலையோர நிறுத்தத்தில் தூங்கலாமா?

பூங்காவுக்குள் முகாம் அனுமதி இல்லாத இடத்தில் இரவு தங்குவது சட்டவிரோதம். காட்சிமுனை, மலையேற்ற நிறுத்துமிடம் எதுவும் விதிவிலக்கில்லை. பான்ஃப் ஊரை ஒட்டிய டனல் மவுன்டன் வில்லேஜ் II என்ற முகாமும், லேக் லூயிஸில் (துணிக்கூடாரம் அல்லாத) கடினச் சுவர் வண்டிகளுக்கான முகாமும் குளிர்காலத்திலும் இயங்குகின்றன, மின் இணைப்பும் உண்டு. முன்பதிவின்போதே மூன்றைக் கேளுங்கள்: எத்தனை ஆம்பியர், தண்ணீர் எங்கே பிடிப்பது, கழிவு கொட்டுமிடம் திறந்திருக்கிறதா. ஜாஸ்பரில் 2024 ஜூலைக் காட்டுத்தீ ஊரின் மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்களை எரித்தது. அங்கே பழைய கையேட்டை நம்பி முகாம் தேடிப் போகாதீர்கள்.

நிறுத்தும்போது சக்கரத்தின் கீழ் பலகை வையுங்கள், பகலில் இளகிய சேறு இரவில் டயரைத் தரையோடு ஒட்டவைக்காது. சமதரையில் கட்டை கொடுத்து, கை பிரேக்கை விடுவித்து வையுங்கள். ஈரமான பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் நீளும் அறை இருந்தால் உள்ளே இழுக்கும் முன் அதன் மேல் பனியைத் துடைப்பத்தால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளே வந்து உருகும்.

கிளம்பும் முன் எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீட்டரைச் செருக வேண்டுமா?

மைனஸ் 15-க்குக் கீழே என்றால் ஆம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் செருகினால் போதும், இரவு முழுதும் தேவையில்லை. 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து எடுக்கத்தக்கது ஏறத்தாழ 1,440 வாட். எஞ்சின் ஹீட்டரும் அறை ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். டீசல் வண்டி என்றால் மிதமான பகுதியில் நிரப்பிய எரிபொருளோடு மலை ஏறாதீர்கள், மெழுகு படிந்து வடிகட்டி அடைக்கும். மலையடிவார ஊரில் விற்பது குளிர்காலக் கலவை.

இறக்கத்தில் எப்படி ஓட்டுவது?

கிக்கிங் ஹார்ஸ் கணவாயிலிருந்து ஃபீல்டு ஊருக்கு இறங்கும் சரிவும், பார்க்வேயில் சன்வாப்டா கணவாய்க்குத் தெற்கே இருக்கும் பிக் பெண்ட் வளைவும்தான் வண்டியைச் சோதிப்பவை. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கைச் சிறு அழுத்தங்களாகக் கொடுங்கள். ஈரம், பனி எது இருந்தாலும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பனிச்சரிவுப் பகுதி, நிறுத்தாதே என்ற பலகைக்கு அப்பால் படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

செயின் ஓட்டுசக்கரத்துக்குப் போட வேண்டும், பின்புற இரட்டைச் சக்கரத்தில் வெளிச்சக்கரத்துக்கு. அரை கிலோமீட்டர் ஓட்டி இறங்கி மறுபடி இறுக்குங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். வீட்டு வாசலில் ஒருமுறை, கையுறை போட்டுக்கொண்டே மாட்டிப் பழகுங்கள்.

விலங்குகள் வண்டிப் பக்கம் வந்தால்?

பெரிய கொம்பு ஆடுகள் சாலையில் தூவிய உப்பை நக்க வரும். நின்ற வண்டியின் சக்கரவளைவையே நக்கத் தொடங்கும். இறங்காமல் மெதுவாக நகர்த்துங்கள். ஓநாய், கரடியிலிருந்து 100 மீட்டர், எல்க் மான், ஆட்டிலிருந்து 30 மீட்டர் விலக வேண்டும். உணவு கொடுத்தால் 25,000 டாலர் வரை அபராதம். அந்தச் சட்டம் சரியானது. மனிதர் கையில் தின்று பழகிய விலங்கு சாலையோரத்திலேயே நின்று கடைசியில் அடிபட்டுச் சாகிறது. அந்தி முதல் விடியல் வரை ஓட்டாமலிருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

சாலை மூடி நடுவில் சிக்கிக்கொண்டால்?

வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். படுக்கையும் அடுப்பும் இருக்கும் வண்டி உங்களுடையது. உடன் இருக்க வேண்டியவை: மண்வாரி, மணல் ஒரு பை அல்லது டயர்ப் பாய், ஜம்பர் கேபிள், மைனஸ் 40 வரை உறையாத கண்ணாடி கழுவுநீர், ஆளுக்கு ஒரு கனத்த தூக்கப்பை, இரண்டு நாளைக்குச் சமைக்காமல் உண்ணத்தக்க உணவு, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி. எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைச் சுற்றிய பனியை வாரிவிட்டு. எந்த நாள் எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு அடுத்த ஊரைச் சேருவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். எவ்வளவு நேரம் தாமதமானால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.